முல்லைக்கு ஏது எல்லை?
மார்டள்ளி – ஆலம்பாடி – பர்கூர்: ஒரு மாட்டு நாட்டின் நிலமும் வரலாறும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பகுத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஐந்தையும் சொல்லிக் கொடுக்கிறோம். மருதம் என்றால் மண்டியா பக்கத்து வயல்களைக் காட்டிவிடலாம். நெய்தலுக்கு மங்களூர்க் கடற்கரை இருக்கிறது. முல்லைக்கு எதைக் காட்டுவது? காடு, காடு சார்ந்த நிலம், ஆயர், அவர்களின் ஆநிரை இதெல்லாம் சங்க நூல்களோடு முடிந்துபோன சங்கதி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முடியவில்லை. மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் தாண்டிப் போனீங்கன்னா மாதேஸ்வரன் மலைத்தொடர் வரும். அதன் மடியில் மார்டள்ளி என்று ஓர் ஊர். அதைச் சுற்றியுள்ள காடுகளும் காவிரிக் கரையும் பர்கூர் மலையும் சேர்ந்த பகுதிதான் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பழைய முல்லை நிலங்களுள் ஒன்று. இரண்டு புகழ்பெற்ற மாட்டினங்கள் பிறந்த மண் இது. ஆனால் இன்றைக்கு அந்த மண்ணில் மாடு மேய்ப்பவனுக்கு, 'இது என் மேய்ச்சல் நிலம்' என்று சொல்லக் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஏன் இல்லாமல் போயிற்று என்பதைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் அமைப்பு

வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டுக்குள் ஒரு நாக்கு நீட்டியதுபோல ஒரு பகுதி தெரியும். அதுதான் பழைய கொள்ளேகால் தாலுகாவின் கிழக்குப் பாதி. இன்றைய ஹனூர் தாலுகா. காவிரி அதை வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குப் போகிறது. பாலாறு என்று ஒரு சிற்றாறு (வேலூர்ப் பாலாறு அல்ல) மாதேஸ்வரன் மலைக்கும் பர்கூர் மலைக்கும் நடுவே ஓடி, மேட்டூருக்கு மேலே காவிரியில் கலக்கிறது. மேட்டூர்ச் சாலையில் அந்தப் பாலாற்றுப் பாலந்தான் இரு மாநிலத்துக்கும் எல்லை. அந்தியூர்ச் சாலையில் கர்கேகண்டி சோதனைச் சாவடி எல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கும் இடம் இது. மழை மறைவுப் பகுதி. பாறையும் முள்காடும் மூங்கிலும் இலையுதிர் காடுமாகக் கிடக்கிறது. ஏர் பூட்டி உழக்கூடிய மண் பள்ளத்தாக்குகளில் மட்டுமே உண்டு. மற்ற இடமெல்லாம் புல்லும் புதரும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே மைல் கணக்கில் காடு. இப்படிப்பட்ட நிலத்தில் மனிதன் எப்படிப் பிழைப்பான்? உழுது பிழைக்க முடியாது; புல்லை மாட்டுக்குக் கொடுத்து, மாட்டை வைத்துப் பிழைக்கலாம். முல்லைத் திணையின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு முல்லை

ஆள் குறைவு, மாடு அதிகம் என்ற நிலம் உலகத்தில் பல இடங்களில் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கும் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் 'சாண்ட்ஹில்ஸ்' என்று ஒரு மணற்குன்று நாடு இருக்கிறது. பரப்பு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தைவிடப் பெரியது. குன்று குன்றாக மணல்; சில குன்றுகள் 400 அடி உயரம். ஆனால் பாலைவனம் அல்ல. மணல்மேல் புல் வேர்விட்டுப் பிடித்து நிற்கிறது. அடியில் ஒகலாலா என்னும் பெரிய நிலத்தடி நீர்க்கிடங்கு இருப்பதால் குன்றுகளுக்கு இடையே ஏரியும் சதுப்பும் ஏராளம். அங்குள்ள செர்ரி என்ற ஒரே மாவட்டம் 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்; 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்த மக்கள் 5,455 பேர்தான். மாடுகள் அதைவிடப் பல மடங்கு.

அந்த நாட்டின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஈரமான சமவெளியில் அது போதும், மணற்குன்றில் போதாது. ஆகவே 1904இல் கிங்கெய்டு சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து 640 ஏக்கர் கொடுத்தார்கள். அதையும் வாங்கி உழுது பார்த்தவர்களில் பெரும்பாலோர் தோற்றுப்போய், மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். உழுத இடத்தில் புல் போயிற்று. புல் போன இடத்தில் காற்று மணலை வாரிக்கொண்டு போயிற்று. 'இது உழுகிற மண் இல்லை, மேய்க்கிற மண்' என்பதை நிலமே சொல்லிக் கொடுத்தது. கடைசியில் மேய்ப்பவன் கையில் பட்டா இருந்தது. அந்தப் பட்டாதான் இன்றுவரை அந்தப் புல்வெளியையும் மாட்டுத் தொழிலையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

தலைக்காட்டு மணலும் மேட்டூர்ச் சேறும்

மணலும் சதுப்பும் நம் காவிரியில் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் இங்கே அவற்றின் பிறப்பில் மனிதன் கையும் கலந்திருக்கிறது. மார்டள்ளிக்கு மேற்கே, காவிரி வளைந்து திரும்பும் இடத்தில் தலைக்காடு. கங்கர்களின் தலைநகரம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்ட ஊர், சுமார் 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் மீட்ட ஊர். அங்கே கோயில்களை மூடிக் கிடக்கும் மணல்மேட்டைப் பார்க்காத மைசூர்த் தமிழர் இருக்க முடியாது. அலமேலம்மாள் சாபம் என்பது ஊர் வழக்கு. விஜயநகரக் காலத்தில் மேலே கட்டப்பட்ட மாதவமந்திரி அணையால் கீழே நீரோட்டம் குறைந்து, ஆற்று மணல் வெளியே தெரிய, தென்மேற்குக் காற்று அதை வாரிக் கரையில் குவித்தது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம்.

கிழக்கே இறங்கினால் மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணை 93 டி.எம்.சி.க்கு மேல் நீர் பிடிக்கும். அது நிரம்பியபோது காவிரிக் கரை ஊர்கள் பலவும் கரையோர மேய்ச்சல் தரைகளும் நீருக்கடியில் போயின. கோடையில் நீர் வற்றினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், இரட்டைக் கோபுரக் கிறிஸ்தவ ஆலயமும் தலை காட்டும். வற்றிய சேற்றில் புல் முளைக்கும். உடனே மாடுகள் வந்து இறங்கும். அணைக்கட்டு வரும், அரசு மாறும், மாடு மட்டும் பழைய தடத்தை மறப்பதில்லை.

ஆலம்பாடியும் பர்கூரும்

ஹனூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், ஒகேனக்கல் பக்கத்தில், காவிரிக் கரையில் ஆலம்பாடி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயர்தான் ஒரு மாட்டினத்துக்கே பெயரானது. கருஞ்சாம்பல் உடம்பு, புடைத்த நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு. மைசூர் ஹள்ளிக்கார் மாட்டுக்கு நெருங்கிய உறவு. உழவுக்கும் பாரவண்டிக்கும் பெயர் பெற்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பிறந்தது பர்கூர் மாடு. செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டு. வேகம், முரட்டுத்தனம் இரண்டும் அதிகம். ஒரு ஈற்றுக்குச் சராசரி 350 கிலோ பால்தான் கறக்கும். பாலுக்கு வைத்த மாடு அல்ல அது. காளைக் கன்றுக்கும் எருவுக்கும் வைத்த மாடு.

எரு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. காட்டுக்குள் மரக்கொம்பும் முள்ளும் வைத்து அடைத்த இடம் பட்டி. கன்னடத்தில் தொட்டி என்பார்கள். நூற்றுக்கணக்கான மாடுகளை இரவில் அங்கே அடைப்பார்கள். பகலில் காட்டில் மேய்ச்சல், ஓடையில் தண்ணீர். பட்டியில் சேரும் சாணத்தைச் சமவெளி விவசாயிகள் வண்டி கட்டி வந்து விலைக்கு வாங்கிப் போவார்கள். மலையின் புல், மாட்டின் வயிறு வழியாகக் கீழ்நாட்டு வயலுக்குப் போய்ச் சேருகிற ஏற்பாடு இது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் காளைகள் கைமாறும். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களில் எத்தனை 'பட்டி', கன்னட நாட்டு ஊர்ப் பெயர்களில் எத்தனை 'தொட்டி' என்று எண்ணிப் பாருங்கள். ஊர் பிறப்பதற்கு முன்னே மாட்டு அடைப்பு இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காவிரிக்கு அக்கரையில் பழைய தகடூர் நாடான தருமபுரியிலும், செங்கம் பகுதியிலும், ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர் விட்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. இலக்கணம் சொன்ன வெட்சியும் கரந்தையும் கல்லில் நிற்கின்றன. கன்னட நாட்டிலும் 'துறு' மீட்டு மாண்டவர்களுக்கு வீரகல் உண்டு. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நாட்டுகிற வழக்கத்தில் இரு மொழிக்காரரும் ஒரே குடும்பம்.

மைசூர் மன்னர்கள் இதன் மதிப்பை அறிந்திருந்தார்கள். சிக்கதேவராஜ உடையார் காலத்து 'பெண்ணெ சாவடி'தான் பின்னால் திப்பு காலத்தில் 'அமிர்தமகால்' ஆயிற்று. அரண்மனை மந்தைக்கென்று 'காவல்' என்ற பெயரில் புல்வெளிகள் ஒதுக்கப்பட்டன. ராஜாவின் மாட்டுக்குப் புல் எழுத்தில் இருந்தது. கொள்ளேகால் காட்டுக் குடியானவன் மாட்டுக்கு அது வழக்கத்தில் மட்டும் இருந்தது. இந்த வேற்றுமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இங்கேதான்.

கோடு போட்ட கதை

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கொள்ளேகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய், சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மறு ஆண்டு, 1800இல், சீரங்கப்பட்டணத்திலிருந்து கோயம்புத்தூர் நோக்கிப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் ஹனூர், கௌதள்ளி வழியாக வந்து காவேரிபுரம் கணவாயில்தான் இறங்கினார். 1807இல் லண்டனில் வெளிவந்த அவருடைய பயண நூலில் இந்தப் பாதையும் இடம்பெற்றது. மலைமேல் மைசூரும் கீழே கொங்கு நாடும் வணிகம் நடத்திய பழைய வழிகளில் ஒன்று அது.

அடுத்த திருப்பம் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம். காடு 'ஒதுக்குக் காடு' ஆயிற்று. அதுவரை உரிமையாக மேய்ந்த மாடு, இனி அனுமதிச் சீட்டும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் இருந்தால்தான் மேயலாம். உரிமை சலுகையாக மாறிய இடம் இதுவே. 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டில் கொள்ளேகாலும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலப் பிரிப்பில் கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்கு மாறியது. தாலுகா முழுவதையும் எடுத்துக்கொண்டால் கன்னடம் பேசுவோர் அதிகம். அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் மொழியை வைத்துக் கோடு போட்டவர்கள் மாட்டுத் தடத்தைப் பார்த்துப் போடவில்லை. விளைவைப் பாருங்கள்: தமிழ்நாட்டுக்குள் நின்றுவிட்ட பர்கூர் மலையில் மாடு வளர்ப்போர் பெரும்பாலும் கன்னடம் பேசும் லிங்காயத்துகளும் சோளகர்களும். கர்நாடகத்துக்குள் வந்துவிட்ட மார்டள்ளியிலும் சுற்றுப்புறத்திலும் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள். அவர்களில் கத்தோலிக்கர் நிறையப் பேர். ஆலம்பாடி ஊர் கர்நாடகத்தில். ஆலம்பாடி மாட்டுக்கு ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டுத் தருமபுரி மாவட்டத்தில்! யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. முல்லை நிலத்துக்கு மொழி எல்லை பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தது. அதன்பின் ஹனூர் தனித் தாலுகா ஆனது. ஒரே ஊர்க்காரருடைய ஆவணங்கள் கோயம்புத்தூர், மைசூர், சாமராஜநகர் என்று மூன்று மாவட்டத்தில் சிதறிக் கிடக்கின்றன. இடையில் வீரப்பன் காலம் வேறு. 2004 அக்டோபர் 18இல் அவர் கொல்லப்படும்வரை, ஒரு பக்கம் அவர் ஆட்கள், மறுபக்கம் அதிரடிப்படை என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த மலைக் கிராமத்து மக்கள். காட்டுக்குள் போவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில் பட்டி போட்டுத் தங்குவது எப்படி?

புலியும் பசுவும்

இன்றைக்கு வருவோம். 2013இல் மாதேஸ்வரன் மலைக் காடு 906 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் அதே ஆண்டு சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அதே ஆண்டில் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று வரையறுத்தது. 2024இல் அந்தியூர், கோபி தாலுகாக்களில் 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. பர்கூர் மாட்டின் மேய்ச்சல் காடும் அதற்குள் வந்துவிட்டதே என்று மலை மக்கள் கலங்கினார்கள்.

2025 ஜூன் மாதம் மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த பசுவின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. மறு மாதம் கர்நாடக வனத்துறை அமைச்சர், காடுகளில் கால்நடை மேய்ப்பதைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து மந்தைகள் ஓட்டிவரப்படுவதும் காரணமாகச் சொல்லப்பட்டது.

விஷம் வைத்ததை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. மாதேஸ்வரனுக்கு வாகனமே புலிதான்; அந்த மலையில் புலியைக் கொல்வது சாமியின் வாகனத்தைக் கொல்வது. அதிக மந்தை புகுந்தால் மானுக்குப் புல் இல்லாமல் போகும், கால்நடை நோய் காட்டு விலங்குக்குப் பரவும் என்று வனத்துறை சொல்வதிலும் உண்மை உண்டு. வெளியூர்க்காரர் மாட்டைக் கூலிக்கு மேய்ப்பதும், வழிவழியாகப் பட்டி போட்டவர் சொந்த மாட்டை மேய்ப்பதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்ட எழுத்து வேண்டுமே! அது இல்லாததால் இருவரும் ஒரே தடையில் அடிபடுகிறார்கள். காட்டிலோ உண்ணிச்செடி புதராகப் பரவிப் புல்லை அமுக்குகிறது. மாட்டைத் தடுத்துவிட்டால் மட்டும் பழைய புல் திரும்பி வந்துவிடாது.

பக்கத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. காங்கேயம் மாடு ஏன் ஓரளவு தாக்குப்பிடித்தது? அங்கே முள்கிளுவை வேலி போட்ட 'கொரங்காடு' என்னும் மேய்ச்சல் நிலம் விவசாயிக்குச் சொந்தப் பட்டா நிலம். சாண்ட்ஹில்ஸ் கதையும் அதுவே. பர்கூருக்கும் ஆலம்பாடிக்கும் புல் அரசாங்கத்துக் காட்டில். மாட்டினத்தைக் காக்க ஆராய்ச்சி நிலையம் உண்டு. பர்கூர் மலையிலேயே ஒன்று இருக்கிறது. விந்தணுவை உறைய வைத்துக் காக்கலாம். பட்டியை உறைய வைக்க முடியுமா?

நாம் என்ன செய்யலாம்?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஒரு சமூக உரிமையாக ஏற்கிறது. பழங்குடியினருக்கு ஒரு வழி. பழங்குடி அல்லாத மற்ற வனவாசிகளுக்கு நிபந்தனை கடினம். 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. அப்போது மார்டள்ளி எந்த மாவட்டம்? கோயம்புத்தூர்! கர்நாடக அரசிடம் உரிமை கேட்கிற ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாட்சி, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கோயம்புத்தூர்ப் பழைய பதிவுகளிலும் இருக்கக்கூடும். படித்து வெளியூர்களில் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

சட்ட விதிகள் அரசு ஆவணத்தை மட்டும் கேட்கவில்லை. நில அளவைப் பதிவு, வரைபடம், வனத்துறைத் திட்டங்கள் ஆகியவற்றோடு, கிணறு, இடுகாடு, கோயில் இடம், பழைய ஆவணத்தில் உள்ளவரோடு தொடர்பு காட்டும் வம்சாவளி, உரிமை கோராத பெரியவர்களின் வாக்குமூலம் ஆகியவையும் சாட்சியாகும். தாத்தா பெட்டியில் மேய்ச்சல் கட்டணச் சீட்டு, வரி ரசீது ஏதாவது இருந்தால் குப்பையில் போடாதீங்க. முதலில் ஒரு நகல் எடுங்கள். பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு வம்சாவளிக்கு உதவும். பட்டி இருந்த இடங்கள், மாடு போன தடங்கள், தண்ணீர் காட்டிய ஓடைகள், இவற்றின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த ஆண்டே கேட்க வேண்டும்.

இதைத் தமிழர் மட்டும் தனியாகச் செய்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். சோளகருக்கும் லிங்காயத்துக்கும் தெரிந்த தடம் நமக்குத் தெரியாது; நமக்குக் கிடைக்கும் சென்னை ஆவணம் அவர்களுக்கு எளிதில் கிடைக்காது. இருவரும் சேர்ந்து எழுதும் ஒரு மேய்ச்சல் வரைபடம், வழிவழி வந்த மந்தை எது, வெளியிலிருந்து வந்த மந்தை எது, புலிக்கு விட்டுவைக்க வேண்டிய காடு எது என்று வனத்துறைக்கே வழிகாட்டும். மார்டள்ளிப் பிள்ளைகளும் பர்கூர்ப் பிள்ளைகளும் ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டால் தொடங்கிவிடக்கூடிய வேலைதான் இது.